ஹெட்டும் முழங்கையும்

எங்கள் ஷெட்டில் இரண்டே பொருள்கள்தான் செய்தோம். ஒன்று, ஸ்கூட்டர் இன்ஜினுக்கு மேலே மூடியாக உட்காரும் ஹெட். இன்னொன்று, கார்பரேட்டரிலிருந்து பெட்ரோலும் காற்றும் கலந்து இன்ஜினுக்குள் போகிற வளைந்த குழாய். அதற்குப் புத்தகத்தில் வேறு பெயர் உண்டு. வளைவைப் பார்த்து ஷெட்டில் எல்லோரும் அதை முழங்கை என்றார்கள். நானும் சில வாரங்களில் அப்படியே சொல்லப் பழகிவிட்டேன்.

இரண்டும் அலுமினியம். இரண்டும் கம்பெனிச் சரக்கு இல்லை. கம்பெனிச் சரக்கு கிடைக்காதபோது கடைக்காரர் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கிற சரக்கு. புது ஸ்கூட்டருக்கு மனுப்போட்டவர்கள் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பழைய வண்டியை வைத்திருப்பவர்கள் அதை எப்படியாவது ஓட்டப் பார்க்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில்தான் எங்கள் பிழைப்பு நடந்தது.

ஷெட் கும்மிடிப்பூண்டியில் இருந்தது. தொழிற்பேட்டைக்கென்று நிலம் எடுத்துக் கல் நட்டிருந்தார்கள். பாதி மனைகளில் இன்னும் வேலிகாத்தானும் தேங்கிய தண்ணீரும்தான். ஐப்பசி, கார்த்திகையில் தகரக் கூரைமேல் மழை விழுந்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. கிழக்கிலிருந்து வரும் காற்றில் கடலோர ஏரியின் உப்பும் சேறும் சேர்ந்த வாடை இருக்கும். வெட்டி வைத்த அலுமினியம் அந்தக் காற்றில் ஒரே இரவில் மங்கிவிடும்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவள். என் வகுப்பில் வேறு பெண் கிடையாது, இந்த ஷெட்டிலும் கிடையாது. ரயில்வே குடியிருப்பில் அக்கா வீட்டில் தங்கி, நடந்தே வேலைக்குப் போவேன். வேலை, செய்த பொருளை அளந்து பார்ப்பது. என் மேஜையில் இருந்தவை: ஒரு வெர்னியர் அளவுகோல், ஆழம் பார்க்கும் முள் கேஜ் ஒன்று, கேஜை நிறுத்தும் இரும்புப் பலகை, மண்ணெண்ணெய்க் கிண்ணம், பழந்துணி, சிவப்புப் பென்சில். சரியில்லாத பீஸில் சிவப்புப் பென்சிலால் பெருக்கல் குறி போடுவேன். அதனால் எனக்கு டீச்சரம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் வரைபடம் கேட்டேன். முதலாளி சிரித்தார். மரப்பெட்டி ஒன்றைத் திறந்து, எண்ணெய்த் துணியில் சுற்றியிருந்த ஒரு ஹெட்டையும் ஒரு முழங்கையையும் காட்டினார். ஷெட் தொடங்கியபோது மெட்ராஸில் வாங்கி வந்த அசல் கம்பெனிச் சரக்கு. எங்களுக்கு வரைபடம் என்று இருந்தது அதுதான். தாய் பீஸ் என்பார்கள்.

அதை வைத்து வேலை நடந்த விதம் எளிமையானது. காலையில் லேத் ஓட்டும் டர்னர் அந்தக் கடைசல் மிஷினில் தாய் பீஸைப் பூட்டுவார். வெட்டுளியை மெல்ல நகர்த்தி அதன் முகத்தைத் தொட வைப்பார், பிறகு உள்ளே இருக்கும் கிண்ணக்குழியின் அடியைத் தொட வைப்பார். இரண்டு தொடுதலுக்கும் கைச்சக்கரத்தில் குறி வைத்துக்கொள்வார். அப்புறம் தாயைக் கழற்றிவிட்டு, வார்ப்பிலிருந்து வந்த முரட்டுப் பீஸ்களை அந்தக் குறிக்கே வெட்டுவார். முழங்கைக்கும் இதே முறைதான், அதன் முகத்தில் இரண்டு பக்கமும் தொட்டுக் குறி வைப்பார். நானும் என் கேஜை அதே தாய் பீஸில் வைத்துத்தான் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவேன். தாயைப் போல இருந்தால் சரி, இல்லாவிட்டால் பெருக்கல் குறி.

டர்னருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஆரம்பாக்கத்திலிருந்து பாசஞ்சர் வண்டியில் வருவார். அண்ணன் தம்பிகள் எல்லோரும் நெல் போடுகிறவர்கள். இவர் ஒருவர்தான் நிலத்தை விட்டு மிஷினுக்கு வந்தவர். ஷெட்டின் முதல் ஆள். முதல் ஹெட்டை வெட்டியவர். கோபக்காரர். பக்கத்தில் யாராவது கூர்ந்து பார்த்தால், "இன்னா, சினிமாவா காட்றாங்க?" என்பார். அதே ஆள் அமாவாசை அன்று வேறு மாதிரி இருப்பார். எங்கள் ஷெட்டில் ஆயுத பூஜைக்கு மட்டுமல்ல, ஒவ்வொரு அமாவாசைக்கும் பூஜை உண்டு. மிஷின்களைத் துடைத்து, பொட்டு வைத்து, தாய் பீஸ் இரண்டையும் தட்டில் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைப்பார்கள். அவற்றுக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. கற்பூரம் காட்டியதும் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக வந்து தாய் பீஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். முதலாளியும் ஒற்றிக்கொள்வார். நானும்தான். அந்தத் தட்டைத் தயார் செய்வது டர்னரின் பொறுப்பு.

முதல் சாக்கு மூட்டை திரும்பி வந்தது ஒரு மழை நாளில். லாரிக்காரர் வாசலிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார். பிரித்தபோது எல்லாம் எங்கள் ஹெட்டும் முழங்கையும். சிலது கருகியிருந்தன. டிரில்லிங் மிஷினில் இருந்தவர் ஆந்திர எல்லையில் தடா பக்கத்து ஆள். எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இன்னா நைனா, கட்டிக்குடுத்த பொண்ணுங்க எல்லாம் மூட்டையோட தாய் ஊட்டுக்குத் திரும்பி வந்துகினு கீது."

"வாய மூடிகினு ஓட்டையப் போடு," என்றார் டர்னர்.

"நான் ஓட்டதான் போட்டுகினு கீறேன். மாப்பிள்ள ஊட்ல இன்னா சொன்னாங்கோன்னு கேக்கிறேன்."

மாப்பிள்ளை வீட்டில் சொன்னதை முதலாளி எங்கள் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். மெட்ராஸ் கடைக்காரர் அடுத்த ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறார். எங்கள் சரக்கைப் போட்ட வண்டிகள் சூடாகி, ஓடும்போதே இன்ஜின் இறுகி நின்றுவிடுகின்றன. திருவள்ளூரிலிருந்து ஊத்துக்கோட்டைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு அப்படி ஆகியிருக்கிறது. பின் சக்கரம் பூட்டுப் போட்டதுபோல நின்று, அவர் மதகுக் கல்லில் போய் விழுந்திருக்கிறார். தொடை எலும்பு உடைந்துவிட்டது. திரும்ப நடப்பாரா என்று சொல்ல முடியாதாம்.

முதலாளி டர்னரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "வர அமாவாசைக்குள்ள எனக்குக் காரணம் தெரிஞ்சாவணும். தெரியலன்னா அந்த லேத்துக்கு வேற ஆளு பாத்துக்கிறேன். நான் வேற இன்னா பண்றது?"

எல்லோரும் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள். இரண்டு பொருள்களின் முகத்தையும் குழியையும் வெட்டுவது ஒரே லேத். அந்த லேத்தில் நிற்பது ஒரே ஆள். அவருக்கு வயதாகிறது. கண்ணாடி போடச் சொன்னால் சண்டைக்கு வருகிறார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பதுபோல அவரைக் கடந்து போகும்போது குரலைத் தாழ்த்தினார்கள். நான் எதையும் முடிவு செய்யவில்லை. அளக்காமல் எனக்கு எதையும் நம்பத் தெரியாது. அது நல்ல குணம் என்று அப்போது நினைத்திருந்தேன்.

மறுநாள் டீ நேரத்தில் டர்னர் என் மேஜைக்கு வந்தார். அதுவரை அவர் அங்கே வந்ததே இல்லை. பீஸ்களைக் கூடையில் அனுப்புவதோடு சரி.

"டீச்சரம்மா, எனக்கு ஒண்ணு செய்யணும்."

"சொல்லுங்கண்ணே."

"என் கையில தப்பு இல்லன்னு நீ எழுதிக் குடுக்கணும் மொதலாளிக்கு. சும்மா எழுதக்கூடாது. அளந்து பாத்து எழுதணும். வாயால பேசறவன் பேசிகினே இருப்பான். நீ எழுதினா அவரு நம்புவாரு."

"அளந்து பாத்துத் தப்பு இருக்குன்னு வந்தா?"

"வந்தா நானே வேலைய வுட்டுப் பூட்றேன். யாரும் சொல்லத் தேவயில்ல." டீ கிளாஸைக் கீழே வைத்தார். "வராது. என் கை எனக்குத் தெரியும்."

அன்றிலிருந்து நான் அளக்க ஆரம்பித்தேன். லேத்தின் படுகை தேய்ந்திருக்கிறதா, சுழல் தண்டில் ஆட்டம் உண்டா, கைச்சக்கரம் எவ்வளவு சும்மா சுற்றுகிறது, வெட்டுளி மழுங்கியதா, பூட்டும்போது பீஸ் நெளிகிறதா, வார்ப்பில் காற்றுக் குமிழ் உண்டா. ஒவ்வொன்றையும் பார்த்து முடித்ததும் ஒரு கோடு போட்டு அடித்தேன். டர்னர் நான் சொன்னபடியெல்லாம் லேத்தை ஓட்டிக் காட்டினார். ஒரு தடவைகூடக் கோபப்படவில்லை. அவர் வெட்டியதை வரிசையாக அடுக்கி முள் கேஜை வைத்தேன். முள் பூஜ்யத்திலிருந்து அசையவே இல்லை. இருபது வயதுப் பையன்கள்கூட அவ்வளவு ஒன்றுபோல வெட்டமாட்டார்கள். ஒன்றுக்கொன்று அச்சு அசல், தாயைப் போலவே.

"எழுதிடலாமா?" என்று கேட்டார்.

"இன்னும் ஒரு எடம் பாக்கணும்ணே," என்றேன். "கெட்டுப்போன வண்டியப் பாக்கணும்."

முதலாளியிடம் சொல்லிவிட்டுத் திருவள்ளூருக்குப் போனேன். பஸ் மாறி, பெரியபாளையம் வழியாக. வழியெல்லாம் வயலில் தண்ணீர் நின்றது. அந்த வாத்தியாரின் வண்டியைப் பிரித்த மெக்கானிக்கின் கடை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஒரு வேப்பமரத்தின் கீழே தார்ப்பாயால் மூடிய இடம். கையெல்லாம் கிரீஸ் பூசிய பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார்.

"கூட ஆம்பள யாரும் வர்லியா?"

"இல்ல. நான்தான் பாக்கணும்."

"அப்ப ஒக்காரு." ஒரு டயரைக் காட்டினார். "உங்க சரக்குதானா அது? ரொம்ப நல்ல சரக்கு. அத்தப் போட்டா வண்டிக்கு பிரேக்கே வேணாம். அதுவா நின்னுக்குது."

நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அவரும் நிறுத்திக்கொண்டார். உடைந்த வண்டி ஓர் ஓரத்தில் சாய்ந்து கிடந்தது. கைப்பிடியில் துணிப்பை ஒன்று இன்னும் தொங்கியது. உள்ளே இருந்த பேப்பர்கள் மழையில் ஊறி ஒரே கட்டியாகியிருந்தன. பரீட்சைத் தாள்களாக இருக்கலாம். நான் எடுத்துப் பார்க்கவில்லை.

"பேஜாரு இன்னான்னா," என்றார் அவர், "உங்க ஹெட்ட மட்டும் போட்டா வண்டி ஓடுது. கொஞ்சம் சூடாவுது, கொஞ்சம் தட்டுது, ஆனா ஓடுது. முழங்கைய மட்டும் போட்டாலும் ஓடுது. ரெண்டையும் சேத்துப் போட்டாதான் கதம், இறுகி நின்னுடுது. முன்னெல்லாம் இப்டி இல்ல. ஆரம்பத்துல வந்த சரக்கு சோக்கா இருந்துது. நானே எத்தினி வண்டிக்கிப் போட்டுக் குடுத்துருக்கேன்."

வேறு ஒருவர் வண்டிக்காக வாங்கி வைத்திருந்த அசல் கம்பெனி ஹெட்டும் முழங்கையும் அவரிடம் பொட்டலமாக இருந்தன. பிரிக்கலாமா என்று கேட்டேன். மறுபடி அதே மாதிரி ஒட்டிக் கொடுக்கவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்.

முதலில் அசல் ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, கிண்ணக்குழியில் பேனா மை ஊற்றும் குழாயால் சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் விட்டேன், விளிம்பு தட்டும்வரை. பிறகு நான் பையில் கொண்டுபோயிருந்த எங்கள் ஹெட். எங்களுடையது சீக்கிரமே நிரம்பி வழிந்தது. திரும்ப ஒருமுறை செய்தேன். திரும்பவும் வழிந்தது. எங்கள் குழி அசலைவிட ஆழம் குறைவு. மூன்று நான்கு தாள்களை அடுக்கினால் வருகிற தடிமன்தான் வித்தியாசம். ஆனால் பிஸ்டன் மேலே வந்து காற்றை அழுத்துகிற இடம் அது. இடம் குறைந்தால் அழுத்தம் கூடும், சூடு கூடும்.

முழங்கையை மெக்கானிக்கின் கண்ணாடித் துண்டு ஒன்றின்மேல் நிறுத்தினேன். அசல், கண்ணாடியோடு ஒட்டி நின்றது. எங்களுடையதன் ஒரு பக்கத்தில் மயிரிழைபோல வெளிச்சம் தெரிந்தது. முகம் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறது. போல்ட்டை இறுக்கினால் மூடிக்கொள்ளும், சூடானதும் திறந்துகொள்ளும். அந்த வழியே வெறும் காற்று நுழையும். பெட்ரோல் கலவை மெலியும். மெலிந்த கலவை சூடாக எரியும். தனித்தனியாக இருந்தால் இன்ஜின் பொறுத்துக்கொண்டிருக்கும். இரண்டு சூடும் சேர்ந்ததை அது பொறுக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குத் தெரிந்தவற்றை வரிசைப்படுத்திக்கொண்டு வந்தேன். எங்கள் பீஸ்கள் தாயைப் போல இருக்கின்றன. தாய் அசலைப் போல இல்லை. முன்பு இருந்திருக்கிறது. அப்படியானால் தாய் மாறியிருக்கிறது. பெட்டியில், எண்ணெய்த் துணியில், எந்த இன்ஜினிலும் பூட்டப்படாமல் கிடக்கும் ஒரு பொருள் எப்படி மாறும்? லேத்தில் தினமும் வெட்டுளி தொடுகிறது. ஆனால் அது வெறும் தொடுதல், கீறல்கூட விழுவதில்லை. அதற்குமேல் என் வரிசை நகரவில்லை. ஒன்று மட்டும் நிம்மதியாக இருந்தது. டர்னரின் கையில் தப்பு இல்லை. அதை எழுதிவிடலாம்.

அன்று மாலை ஷெட்டுக்குப் போய், தாய் பீஸ் இரண்டையும் எடுத்து அளந்து எழுதி வைத்தேன். மறுநாள் அமாவாசை.

காலையில் நான் போனபோது மழை விட்டிருந்தது. டர்னர் முதல் வண்டியில் வந்துவிட்டிருந்தார். குளித்து, நெற்றியில் விபூதியோடு, தண்ணீர்க் குழாயின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு தட்டையான இரும்புப் பலகை. அதன்மேல் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பான எமரித் தாள். ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய். தாய் ஹெட்டைக் கவிழ்த்துப் பிடித்து, உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் அழுத்தி, வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

நான் நின்றுவிட்டேன்.

"வாம்மா," என்றார் தலை நிமிராமல். "போன தடவ வச்ச குங்குமம் எப்டிக் கரி புடிச்சிகினு கீது பாரு. இந்த அலுமினியத்துக்குக் குங்குமம் ஆவறதேயில்ல. இத்தோட சாமி முன்னால வைக்க முடியுமா?"

தேய்த்த இடத்தில் சாம்பல் நிறச் சேறு வழிந்தது. அவர் அதைத் துணியால் ஒற்றி எடுத்தார். முகம் கண்ணாடியாக மின்னியது. முழங்கை ஏற்கெனவே முடிந்து, வாழையிலைமேல் பளபளவென்று இருந்தது.

"ஒவ்வொரு அமாவாசைக்கும் இப்படித்தானாண்ணே தேய்ப்பீங்க?"

"ஷெட்டு தொறந்த நாள்லேருந்து. இத்த வேற எவன் கையிலயும் குடுத்ததில்ல. ஏனோதானோன்னு செய்வானுங்க." ஹெட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "நீ எழுதிட்டியா?"

"பூஜை முடியட்டும்ணே," என்றேன்.

பூஜை முடிந்தது. கற்பூரத்தைத் தொட்டு ஒற்றிக்கொண்டார்கள், தாய் பீஸைத் தொட்டு ஒற்றிக்கொண்டார்கள். என் முறை வந்தபோது நானும் தொட்டேன். அலுமினியம் இன்னும் எண்ணெய்ப் பிசுக்கோடு, வழவழவென்று இருந்தது. பொரி சாப்பிட்டுவிட்டு எல்லோரும் மிஷினுக்குப் போனபின் முதலாளியையும் டர்னரையும் என் மேஜைக்குக் கூப்பிட்டேன். முள் கேஜை நேற்று மாலையின் அளவுக்கு வைத்து, பொட்டைத் துடைத்த தாய் ஹெட்டை அதன் கீழே வைத்தேன். முள் நகர்ந்தது. அதிகம் இல்லை. முள்ளைப் பார்த்துப் பழகாத ஒருவருக்குக்கூடத் தெரிகிற அளவு.

பிறகு திருவள்ளூரில் பார்த்ததைச் சொன்னேன். முழங்கையைக் கண்ணாடிமேல் நிறுத்தி, வெளிச்சம் எந்தப் பக்கம் தெரிகிறது என்று காட்டினேன். தேய்க்கும்போது உள்ளங்கை அழுத்துகிற பக்கம் அது. முகம் தேயத் தேயக் குழியின் ஆழமும் குறையும், ஒரு மாதத்துக்கு ஒரு இழை. இத்தனை வருடத்துக்கு இவ்வளவு.

முதலாளி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ஹெட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"பளபளன்னு வைய்யின்னு நான்தான் சொன்னேன்," என்றார் கடைசியில். "எத்தினியோ தடவ சொல்லிருக்கேன். நானுந்தான கும்பிட்டேன். இதுல யார இன்னா சொல்றது." டர்னரை நிமிர்ந்து பார்த்தார். "விடுப்பா. உன் மேல ஒண்ணும் இல்ல. வேற தாய் வாங்கிக்கலாம். நீ போய் வேலையப் பாரு. வேற ஆளுன்னு சொன்னத மறந்துடு."

டர்னர் நகரவில்லை. என்னைப் பார்த்தார்.

"அப்ப அது என் கைதானா?"

நான் யோசித்துச் சொன்னேன். "லேத்துல நீங்க வெட்டினது எல்லாம் சரிண்ணே. தாய் எப்படி இருந்ததோ அப்படியே வெட்டியிருக்கீங்க. அதுல தப்பே இல்ல. தாய்தான் தேஞ்சுபோச்சு."

"தேய்ச்சது யாரு?"

"பூஜைக்காகத்தானே தேய்ச்சீங்க."

"அந்த வாத்தியாருக்குக் காலு பூட்சி. அவுரு பூஜைக்கா ரோட்டுல போனாரு?"

டர்னர் தாய் ஹெட்டை எடுத்து, எண்ணெய்த் துணியில் சுற்றி, பெட்டியில் வைத்து, பெட்டியை மூடினார். லேத்துக்குத் திரும்பிப் போனார். டிரில்லிங் மிஷின்காரர் நடந்ததைக் கேட்டுவிட்டு, அவரை லேசாக்கலாம் என்றுதான் அதைச் சொல்லியிருப்பார்: "நைனா, நீ தேய்ச்ச தேய்ப்புல சாமியே எறங்கி வந்து உன்னக் காப்பாத்திட்சி." மற்ற சமயமாக இருந்தால் ஸ்பானர் பறந்திருக்கும். டர்னர் அவரைப் பார்க்கக்கூட இல்லை. அன்று முழுவதும் வெட்டினார். சாயங்காலம் லேத்தைத் துடைத்து, சீவலையெல்லாம் கூட்டி அள்ளி, எண்ணெய் போட்டுவிட்டுப் போனார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

நான் எழுதவேண்டியதை எழுதினேன். குறை: ஹெட்டில் ஆழம் குறைவு, முழங்கையில் முகச்சரிவு. காரணம்: தாய் பீஸின் தேய்மானம். செய்யவேண்டியவை: புதிய அசல் பீஸ்கள் வாங்குவது, அவற்றை அளந்து வரைபடம் போடுவது, இனி வரைபடத்தின்படி வேலை செய்வது, தாய் பீஸைப் பூஜையில் வைக்காமல் இருப்பது. முதலாளி எல்லாவற்றையும் செய்தார். கடையில் கிடந்த பழைய சரக்கையும் திரும்ப எடுத்து உருக்கிவிட்டார். அந்த வாத்தியாரைப் பார்க்க ஆள் அனுப்பினார். வரைபடத்தை நான்தான் போட்டேன். டிப்ளமா முடித்தபின் என் கையால் போட்ட முதல் வரைபடம். சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும்.

லேத்தில் யாரையும் போடாமல் முதலாளி காத்திருந்தார். ஆள் அனுப்பினார். ஆரம்பாக்கம் போன ஆள் தனியாகத் திரும்பி வந்தார். இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே ஆரம்பாக்கத்துக்குப் போனேன்.

ஸ்டேஷனிலிருந்து நடக்கும் வழியெல்லாம் நடவு முடிந்த வயல். மழையில் மூழ்கிய இடங்களில் நாற்று மட்டும் மேலே மிதந்துகொண்டிருந்தது. அவர் வீட்டைக் கேட்டுப் போனேன். வாசலில் அவர் மனைவி முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும், உட்காரச் சொல்லிப் பாயை விரித்தார்.

"நீதானா அந்த அளக்கிற பொண்ணு?" என்றார். கோபமாக இல்லை. "வரப்பு ஒடச்சிகிச்சி. அண்ணன் கூடப் போய்க்கீறாரு. வருவாரு."

"வீட்டுல எப்படி இருக்காரு அக்கா?"

"வேலைக்கிப் போய்கினு இருந்தப்ப ஊட்டுக்கு வந்தா கத்துவாரு. சோத்துல கல்லுன்னு கத்துவாரு, தண்ணி சூடுன்னு கத்துவாரு. இப்பக் கத்தறதே இல்ல." முறத்தைத் தட்டினார். "கத்தினாத் தேவலன்னு கீது எனக்கு."

டர்னர் முழங்கால்வரை சேறோடு வந்தார். என்னைப் பார்த்து, வா என்று தலையை அசைத்துவிட்டுக் கால் கழுவப் போனார். திரும்பி வந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். முதலாளி லேத்தைக் காலியாக வைத்திருப்பதைச் சொன்னேன். புதுத் தாய் வந்ததைச் சொன்னேன். வரைபடத்தின் நகலைக் கொண்டு போயிருந்தேன், விரித்துக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். குழியின் ஆழம் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இவ்ளோ இருந்துதா மொதல்ல?"

"ஆமாண்ணே."

"நான் வெட்டின மொத ஹெட்டு இந்த அளவுதான் இருந்திருக்கும்."

"இருந்திருக்கும்."

விரலை எடுத்தார். பிறகு, "காரணம்னு இன்னா எழுதின?" என்று கேட்டார்.

"தாய் பீஸ் தேய்மானம்னு."

"யாரு தேய்ச்சதுன்னு எழுதலியா?"

"இல்லண்ணே. அது எதுக்கு?"

"அளந்து எழுதச் சொன்னேன் உன்ன," என்றார். "பாதி எழுதிக்கீற."

யாரும் அவரைக் குறை சொல்லவில்லை என்று சொன்னேன். முதலாளியே தன் மேல்தான் என்கிறார் என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார்.

"நான் திருவள்ளூருக்குப் போனேன்," என்றார். "போன வாரம். அந்த வாத்தியாரு ஊட்டக் கண்டுபுடிச்சி எதுருல நின்னேன். ஜன்னலாண்ட கட்டல்ல படுத்துகினு, பசங்களுக்குப் பாடம் சொல்லிகினு கீறாரு. நாலஞ்சு புள்ளைங்க தரையில ஒக்காந்துனு கீது. உள்ள போலாம்னுதான் போனேன். போயி இன்னான்னு சொல்றது? சாமிக்குப் பளபளப்பா வச்சேன், அதனால உங்க காலுன்னா? திரும்பி வந்துட்டேன்."

அவர் மனைவி முறத்தை நிறுத்திவிட்டார். இது அவருக்கும் அப்போதுதான் தெரியும் என்று நினைக்கிறேன்.

"அண்ணே, லேத்துக்கு வாங்க. நீங்க வெட்டினாதான் சரியா இருக்கும்."

"அதான் பேஜாரு," என்றார். "நான் வெட்டினா சரியாதான் இருக்கும். எத்தக் குடுத்தாலும் அத்த மாதிரியே வெட்டுவேன்." வரைபடத்தை மடித்து என்னிடம் நீட்டினார். "வேற யாராச்சும் பாத்துக்கச் சொல்லு. ரயிலுக்கு நேரமாவுது பாரு."

ஸ்டேஷன்வரை கூட வந்தார். வண்டி தாமதம். பிளாட்பாரத்தில் வேறு யாரும் இல்லை. ஆந்திரப் பக்கத்திலிருந்து மழை இருட்டிக்கொண்டு வந்தது. என்னைத் தனியாக விட்டுப் போக அவருக்கு மனமில்லை, அவ்வளவுதான். வண்டி வந்ததும் பெண்கள் பெட்டி எது என்று பார்த்துக் காட்டினார். நான் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்தபோது, அவர் ஏற்கெனவே தண்டவாளத்தைத் தாண்டி வயல் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தார்.

அந்த மாதக் கடைசியில் லேத்துக்கு வேறு ஆளைப் போட்டார்கள். எண்ணூரில் வேலை பார்த்தவர். சின்ன வயது. கண் கூர்மை. வரைபடத்தை மேலே ஒட்டி வைத்துக்கொண்டு வெட்டுகிறார். அவர் வெட்டுவதில் பத்துக்கு ஒன்றில் நான் பெருக்கல் குறி போடவேண்டியிருக்கிறது.